கைசருக்காக வாங்கிய சாளை

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடும் வயதுக்கு நாமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டோம். கல்யாண வீட்டில் பாயசம் வரும்போது நம் வரிசையில் பாதிப் பேர் இலையின்மேல் கையை விரிக்கிறோம். சிலர் பந்திக்கு முன்னால் ஓரமாகத் திரும்பி, பேனா மாதிரி ஒன்றை வயிற்றில் அழுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வந்து உட்காருகிறார்கள். சமீபத்தில் என் சிநேகிதி ஒருத்தி அப்படிச் செய்தபோது, "சாப்பிட்ட பிறகுதானே போடணும்?" என்று கேட்டுவிட்டேன். "உனக்கு யாருடி சொன்னது?" என்றாள். நாய் என்று சொன்னால் சிரிப்பாள். அதனால் அங்கே சொல்லாமல் வந்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்கெழுதும் வேலை. சாயங்காலம் அவர் வீடு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அறை முழுக்கப் பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் மணக்கும். நான் அப்போது ஆறாம் வகுப்பு. கடைக்குப் பின்னால் வளைந்து போகும் சந்தில் ஓடு போட்ட ஒரு மாடி வீடு. மேலே நாங்கள். கீழே வீட்டுக்கார டீச்சர். வெளிப்பக்கமாக ஒரு சிமெண்ட் படிக்கட்டு.

டீச்சர் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் மஸ்கட்டில். கூட இருந்தது கைசர். பெயரைக் கேட்டுப் பெரிய வேட்டைநாய் என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு வெள்ளைப் பொமரேனியன். அந்தச் சந்தில் அவனைக் கொஞ்சாத ஆள் கிடையாது. பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வருகிறவர்கள் உடைத்த தேங்காயில் ஒரு துண்டை அவனுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள்.

அம்மா மட்டும் போடமாட்டாள். அம்மாவுக்கு நாய் ஆகாது. துணி காயப்போடக் கீழே இறங்கும்போது அவன் வாலை ஆட்டிக்கொண்டு வந்தால், சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, "போ, அந்தப் பக்கம் போ" என்பாள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை.

ஒருநாள் டீச்சர் படியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாடகை கொடுக்க நாங்கள்தான் இறங்குவோம். அவர் ஏறிவந்தது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் மகளோடு போய்விடப் போகிறார், வீட்டை விற்கப் போகிறார் என்று சந்தில் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம்.

"மகளுக்குப் பிரசவம். மூணு மாசம் மஸ்கட்டு போகணும்" என்றார் டீச்சர். "கைசருக்கு ஷுகர். ரெண்டு நேரமும் ஊசி வேணும். நிங்கள் நோக்கிப் பாத்துக்கணும்."

வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை என்ற சந்தோஷத்தில் அப்பா, "அதுக்கென்ன டீச்சர், தாராளமா" என்று சொல்லிவிட்டார். அம்மா அப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"என்னைக் கேட்டியளா?" என்றாள் அப்பாவிடம். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "எனக்கு நாயின்னாலே பயம் டீச்சர். இந்தத் தெருவுல எல்லாருக்கும் அவன்னா உசிரு. அவங்ககிட்ட விட்டுட்டுப் போகலாமே" என்றாள்.

"அதுதான் பிரச்னம். எல்லார்க்கும் உசிரு. பிஸ்கட்டு, பழம்பொரி, உண்ணியப்பம்... வேண்டா வேண்டான்னு பறஞ்சாலும் கேக்கமாட்டாங்க. இவனுக்கு ஒரு துண்டுகூடப் போடாத ஆள் இந்தத் தெருவுல நீ ஒருத்திதான் மோளே."

தான் எதுவும் போடாததைப் பார்த்து, கஞ்சப் பிசினாறி என்று டீச்சர் நினைத்திருப்பார் என்றுதான் அம்மா அதுவரை நினைத்திருந்தாள். "எப்பப் போகணும் டீச்சர்?" என்றாள்.

பயிற்சி கீழ்வீட்டு அடுக்களையில் நடந்தது. அந்த ஊசி இப்போது எங்கேயும் காணக் கிடைக்காது. கண்ணாடிச் சிரிஞ்சு. எவர்சில்வர் பெட்டியில் பஞ்சுமேல் படுத்திருக்கும். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து அதைப் போட்டால் கிண்கிணி என்று ஒரு சத்தம் வரும். மருந்துக் குப்பி ஃப்ரிட்ஜ் கதவில். அதைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்ட வேண்டும். அம்மா முதலில் கத்திரிக்காயில் குத்திப் பழகினாள். தண்ணீரை உறிஞ்சி, குத்தி, அழுத்தி, எடுத்து. அன்று எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு. அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இது ஊசி போட்டதா, போடாததா?" என்று கேட்டார். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

பிறகு கைசர். "கழுத்துக்குப் பின்னால தோலை இப்படிக் கூடாரம் மாதிரித் தூக்கு. பேடிக்காதே, அவனுக்கு வலிக்காது" என்று டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "கண்ணைத் திற!" என்று டீச்சர் போட்ட அதட்டலில் வாசலில் நின்ற நானும் நிமிர்ந்து நின்றேன்.

மற்றதெல்லாம் ஒரே விதிதான். "தின்னா ஊசி. தின்னலேன்னா ஊசியில்லை. இதை மட்டும் மறக்காதே." வயிற்றில் ஒன்றும் இல்லாமல் மருந்து உள்ளே போனால் சர்க்கரை அடியோடு இறங்கி ஆளே போய்விடும் என்று விளக்கினார். வேளை தவறக் கூடாது. அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வெந்த மீனும் கொஞ்சம் சோறும். மீன் சமைக்க வேலைக்கார அக்கா வருவாள், நீ கையால் தொட வேண்டாம் என்றும் சொன்னார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் டீச்சரின் டாக்சி போனது. அது திரும்பிய மூலையைப் பார்த்துக்கொண்டே கைசர் கேட்டருகில் படுத்துவிட்டான். மத்தியானம் வரை அசையவில்லை. வேலைக்கார அக்கா வைத்த தட்டில் ஈ மொய்த்தது. சாயங்காலம் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய் அவனுக்குச் சற்றுத் தள்ளி, படியில் உட்கார்ந்தாள். "தின்னுரு. தின்னாத்தான் ஊசி" என்றாள். ஊசிக்காக யாராவது தின்பார்களா? ஆனால் அம்மா அங்கேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்ல ஆரம்பித்தாள். எண்ணெய் தீர்ந்தது, பால்காரன் தண்ணீர் கலப்பது, அப்பா குடையைக் கடையில் விட்டுவந்தது. அப்பாவிடம்கூட அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கீரை முடிவதற்குள் தட்டு காலியாகிவிட்டது.

சில நாளில் வேலைக்கார அக்காவுக்குச் சாலைக்கடைத் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. வரவில்லை. அம்மா யோசித்தாள். தயிர்ச்சோற்றைப் பிசைந்து வைத்தாள். கைசர் தட்டையும் சேர்த்துத் தின்றுவிடுவான் போல நக்கினான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, அவனுக்கு நம்ம சாப்பாடுதான் பிடிச்சிருக்கு. மீன் எல்லாம் பழக்கதோஷம்" என்றாள். இட்லி வைத்தாள். தோசை வைத்தாள்.

ஆனால் கைசர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தான். சட்டி சட்டியாகக் குடித்துவிட்டுச் செம்பருத்திச் செடிக்கும் கேட்டுக்கும் நடையாக நடந்தான். டீச்சர் சோதனைக்கு ஒரு நீல மருந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நம் வீட்டுப் பெரியவர்களிடமும் அந்த நீலக் குப்பி இருந்திருக்கும், நினைவிருக்கிறதா? கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போனால் கவனம். அம்மா ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாயின் பின்னால் தோட்டத்தைச் சுற்றி ஓடியதைச் சந்தே நின்று பார்த்தது. குழாயில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, எங்கள் கண்ணெதிரே செங்கல் நிறமாகிக் கெட்டியாக நின்றது.

மிருக டாக்டரிடம் ஆட்டோவில் போனோம். டாக்டர் கைசரின் ஈறைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "என்ன கொடுக்கறீங்க?" என்றார்.

"தயிர்ச்சோறு" என்றாள் அம்மா, குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது.

"ரெண்டு நேரமும் சோறா! மீன் இல்லையா?"

"நாங்க சைவம் டாக்டர்."

"நிங்கள் சைவம், சரி. இவன் எப்போ சேர்ந்தான்?"

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மடியில் துண்டு விரித்து அதன்மேல் கைசரை வைத்திருந்தாள். முதலில் துண்டு எதற்கு என்றால், அவன் தன்மேல் படக் கூடாது என்பதற்கு. தம்பானூர் வளைவில் ஆட்டோ குலுங்கியபோது துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

மறுநாள், "சாளையே... நெத்தோலியே..." என்று மீன்காரம்மாவின் குரல் சந்துக்குள் வந்ததும் அம்மா ஒரு கிண்ணத்தோடு கேட்டில் போய் நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மீன்காரம்மா கூடையை இறக்கவே இல்லை. கீழ்வீட்டுக்குத்தான் விற்றுப் பழக்கம்; மாடியிலிருந்து யாரும் அவளிடம் வாங்கியதில்லை.

"சாளை தாங்க" என்றாள் அம்மா.

மீன்காரம்மா அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "பொரிக்கவா, கறிக்கா?"

"அவிக்க."

"அவிக்கவா? உப்பு, புளி, மொளகு?"

"ஒண்ணும் வேண்டாம். நாய்க்கு."

"நாய்க்கா!" மீன்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னிக்கு விடியற வெளுப்பான்காலம் வலையில வந்த சாளையாக்கும் இது. கண்ணைப் பாரு, எப்படித் தெளிஞ்சிருக்கு! இதை உப்பில்லாம அவிச்சு நாய்க்கா போடுவே?" பிறகு கைசர் கேட்டின் கம்பிக்கிடையில் மூக்கை நீட்டியதைப் பார்த்துக் கொஞ்சம் இளகினாள். "ஷுகர்னு சொன்னாங்களே, இவனுக்கா? எங்க வீட்டுக்காரருக்கும் ஷுகர்தான். கொண்டா கிண்ணத்தை."

அம்மா இரண்டு விரலால் ஒரு மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம்! பல்லைக் கடித்துக்கொண்டு பம்படியில் கழுவினாள். கீழ்வீட்டு அடுக்களையில் சட்டியை ஏற்றியதும் முதல் வேலையாக ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். வாடை மேலே போகக் கூடாதல்லவா. கொக்கியைப் போட்டவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். தினமும் பகலில் டீச்சர் அந்த ஜன்னலைப் பட்டென்று சாத்துவார். நம்மைக் கண்டு முகத்தில் அடித்த மாதிரிச் சாத்துகிறார் என்று இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் பேச்சு. "நமக்காகத்தான் சாத்தியிருக்கா" என்றாள் அம்மா, என்னிடமா சட்டியிடமா என்று தெரியாத குரலில்.

குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் மேலே வருவாள். முதல்நாள் அப்பா சோற்றில் கையை வைத்தபடி மூக்கைச் சுருக்கினார். "கீழ யாரு மீன் அவிக்கா?"

"யாரோ" என்றாள் அம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டு.

அப்பாவுக்குத் தெரியாதா என்ன. மறுநாள் கடையிலிருந்து வரும்போது ஒரு பெரிய கட்டு ஊதுபத்தி வாங்கிவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். குழாயில் நீலம் பச்சையோடு நின்றது. கைசரின் தண்ணீர்ச் சட்டி மாலைவரை நிறைந்திருந்தது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அத்தை வந்தாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பாளையங்கோட்டையில் இருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வருவது அவள் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் பையும் குடையுமாகக் கேட்டைத் திறந்தாள். அம்மா பம்படியில் குந்தியிருந்து சாயங்காலத்துக்கான சாளையைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி! என்னட்டி இது கையில?"

அம்மா எழுந்தாள். மீன் கையிலேயே இருந்தது. "வாங்க மதினி" என்றாள்.

"நம்ம குடும்பத்துல இந்தக் கேடு யாருக்கும் வந்ததில்லையே. இந்தக் கையாலதான் என் தம்பிக்குச் சோறு போடுதியா? எலே, இங்க வாலே!" அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அத்தையின் குரலுக்குச் சந்தில் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். நாய்க்குத்தான் என்று அப்பா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "நாய் யார் வீட்டு நாய்? நீ என்ன இங்க நாய் மேய்க்க வந்தியா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கண்ணிலிருந்து சொட்டியது மீன் செதிலின்மேல் விழுந்தது.

அப்போதுதான் செம்பருத்திக்குப் பின்னாலிருந்து கைசர் வந்தான். வந்தான் என்று சொல்லக் கூடாது. கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயின. குடித்தவனைப் போல் ஆடி, இரண்டடி வைத்து, பக்கவாட்டில் சாய்ந்தான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அம்மா ஓடிப்போய்ச் செடிக்குப் பின்னால் பார்த்தாள். காலையில் தின்றது முழுவதும் அங்கே கிடந்தது. தின்று, ஊசியும் போட்ட பிறகு யாரும் பார்க்காமல் வாந்தி எடுத்திருக்கிறான். டீச்சரின் விதியில் அதற்கு இடமில்லை. அம்மா கை இரண்டையும் விரித்துக்கொண்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் விழித்தாள்.

அத்தை பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். குடையைக் கீழே போட்டாள்.

"இதுக்குச் சீனி இறங்கிட்டுட்டி! எங்க வீட்டுக்காரவுகளுக்கு இப்படித்தான் வரும். இதே நடுக்கம். என்னத்தப் பாத்துட்டு நிக்க, சீனியைக் கொண்டா!"

அம்மா கீழ்வீட்டு அடுக்களைக்குள் பாய்ந்து சீனி டப்பாவோடு வந்தாள். கையலம்ப நேரமில்லை. அத்தை சொம்பிலிருந்து தண்ணீர் விட, அம்மா குழைத்து விரலால் எடுத்து அவன் ஈறில் தேய்த்தாள். "உள்ள ஊத்தாத, புரை ஏறிரும். தேய், தேய்ச்சுக்கிட்டே இரு" என்றாள் அத்தை. அவளும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை வீட்டு மாமா இதேபோலச் சீனி இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை, சீனி கொடுக்க ஆளில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். "கண்ணைத் திறய்யா... திறந்துரு..." என்று அத்தை அந்த நாயிடம் கெஞ்சிய குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கைசர் நாக்கை ஒருமுறை சுழற்றினான். பிறகு இன்னொரு முறை. அம்மாவின் விரலை நக்க ஆரம்பித்தான்.

அதுவரை மரம் மாதிரி நின்ற அப்பா, சலவை வேட்டியோடு குனிந்து அவனை இரண்டு கையாலும் வாரியெடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். நாயைத் தொட்டே அறியாத மனிதர். திரும்பி வந்தபோது வேட்டி முழுக்க மூத்திரம், சீனிப் பிசுபிசுப்பு, வெள்ளை ரோமம். கைசர் அவர் தோளில் தலையை வைத்திருந்தான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள் அத்தை.

"சீனியைத் தேய்க்கச் சொன்னது யாருன்னு கேட்டாரு. அவங்களாலதான் பிழைச்சதுன்னாரு."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீ போய்க் குளிச்சிட்டு வந்து காப்பியப் போடு. மீன் கையோட போட்டுத் தொலைக்காதே" என்றாள். அம்மா அழுகையும் சிரிப்புமாகக் குளிக்கப் போனாள்.

அத்தை பத்து நாள்போல இருந்தாள். சாளை வாங்கும் நேரத்தில் மாடியை விட்டு இறங்கமாட்டாள். ஆனால் தினமும் காலையில் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "அது தின்னுச்சாட்டி? வயித்துல நின்னுச்சா?" நின்றது என்று தெரிந்த பிறகுதான் அவள் பலகாரத்தில் கைவைப்பாள். உண்ணியப்பத்தோடு வந்த ஒருவரை மேலே நின்றபடியே அவள் போட்ட சத்தத்தில், அதற்குப் பிறகு அந்தச் சந்தில் யாரும் கைசருக்கு எதுவும் போட்டதில்லை.

டீச்சர் பேத்தியின் புகைப்படங்களோடு திரும்பி வந்தார். கைசர் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடி, குரல் கம்மும்வரை குரைத்தான். வீடு விற்கும் பேச்சை அப்பா ஒருவழியாகத் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, டீச்சர் திகைத்துப்போனார். "நான் விக்கறதா? நிங்கள் ஊருக்குப் போயிடுவீங்களோன்னு அல்லவா எனக்குப் பேடி!" ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்த்து இத்தனை நாள் பயந்துகொண்டிருந்திருக்கின்றன.

அன்று சாயங்காலம் கைசரின் வேளை வந்ததும் அம்மாவுக்கு மேலே இருப்புக்கொள்ளவில்லை. டீச்சர்தான் வந்துவிட்டாரே, இனி நமக்கென்ன என்று அரிசி புடைத்தாள், புடைத்ததையே புடைத்தாள். "போயேன்ட்டி" என்றார் அப்பா. அவள் இறங்கிப்போனபோது டீச்சர் சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, எடுத்துத் தயாராக மேசைமேல் வைத்துவிட்டு, அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஊசி அம்மாவுடையது, சாளை டீச்சருடையது என்று ஆனது.

கைசர் அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தான். சர்க்கரை உள்ள நாய்களுக்கு வருவதுபோல் கண் இரண்டிலும் பால் படர்ந்து, கடைசியில் பார்வை போய்விட்டது. ஆனாலும் வேளையை மறக்கவில்லை. அம்மா இறங்கிவரத் தாமதமானால் சுவரை உரசிக்கொண்டு, படிப்படியாக முகர்ந்து, மாடிவரை ஏறிவந்துவிடுவான். வந்து எங்கள் வாசற்படிக்கு வெளியே நிற்பான். உள்ளே வரமாட்டான், அம்மாவும் கூப்பிட்டதில்லை. சாமி படம் இருக்கும் வீடு.

ஒரு மழைநாள். சாரல் வாசல்வரை அடித்தது. கைசர் நனைந்து, ரோமமெல்லாம் உடம்போடு ஒட்டி, பாதியாகச் சுருங்கி வெளியே நின்றான். அம்மா அடுக்களையில் கைவேலையாக இருந்தாள். அப்பா நாற்காலியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாடா" என்றார்.

கைசர் குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்தான். முன்காலால் வாசற்படியைத் தடவிப் பார்த்தான். தாண்டினான். தரையில் ஈரத் தடம் பதிய மெதுவாக நடந்து நாற்காலி அருகே வந்து, அப்பாவின் காலில் மூக்கு இடிக்க நின்றான். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, இரண்டு காலையும் தூக்கி, நாற்காலிக்கு அடியில் போக அவனுக்கு வழி விட்டார்.